டெலாஸ்பி மோட்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கம்பியில்லா சென்சார் வலையமைப்பில் ஆராய்ச்சி செய்பவர்களில் பலர் டெலாஸ்பியைத் தொட்டிருப்பார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான மோட் இது, அதாவது சுற்றுப்புறத்தை அளந்து ரேடியோவில் அனுப்பும் சின்னக் கணினிப் பலகை. 16 பிட் எம்எஸ்பி430 செயலிச் சிப், 10 கிலோபைட் ரேம், 48 கிலோபைட் ஃபிளாஷ், சிசி2420 ரேடியோ, இரண்டு ஏஏ பேட்டரி, அவ்வளவுதான். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும் அளவுகள். ஆனாலும் என் மேசையை விட்டு இது இன்னும் போகவில்லை.

மின்சாரக் கணக்கு எளிமையானது. ரேடியோ கேட்டுக்கொண்டே இருந்தால் சுமார் 19 மில்லியாம்பியர் இழுக்கும்; 2,500 மில்லியாம்பியர்-மணி பேட்டரி ஐந்தாறு நாளில் தீர்ந்துவிடும். நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் ரேடியோவை எழுப்பினால் காகிதத்தில் ஒரு வருடத்தைத் தாண்டும். நிஜத்தில் அவ்வளவு வராது. பக்கத்து வைஃபை இரைச்சலைத் தனக்கு வரும் தரவுப் பாக்கெட் என்று நினைத்து ரேடியோ சும்மா சும்மா விழித்துக்கொள்ளும். வைஃபை அதிகம் எட்டாத 26ஆம் சேனலுக்கு ரேடியோவை மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்குகிறது.

இதைவிட முக்கியமான விஷயம், பேட்டரி இறங்க இறங்க மோட் ஒரே அடியாகச் சாவதில்லை என்பது. 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப்பின் ஃபிளாஷில் எழுத முடியாது, அதாவது ரேடியோ வழியாகப் புது நிரல் ஏற்றும் வசதி போச்சு. 2.4க்குக் கீழே பலகையில் உள்ள எஸ்எச்டி11 சென்சார் தரும் வெப்பநிலை, ஈரப்பத அளவுகளை நம்பக்கூடாது. ரேடியோவுக்கு 2.1 வேண்டும். சிப்போ 1.8 வரை ஓடும். நடுவில் உள்ள அந்தக் கட்டம்தான் ஆபத்து: பாக்கெட் ஒழுங்காக வருகிறது, உள்ளே இருக்கும் எண் குப்பை. அதனால் ஒவ்வொரு அளவோடும் பேட்டரி வோல்ட்டேஜையும் சேர்த்து அனுப்புகிறேன். அதை அளக்க சிப்புக்குள்ளேயே ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) வழி இருக்கிறது, தனிப் பாகம் எதுவும் தேவையில்லை.

நினைவகம்தான் பெரிய எரிச்சல். இணைய முகவரிக்கான ஐபிவி6, மோட்களுக்கு இடையே பாதை தேடும் ஆர்பிஎல் என்ற இரண்டு நெறிமுறைகளையும் போட்டபின் நம் நிரலுக்கு மிச்சம் கொஞ்சம்தான். நிரல் ஓடுவதைப் பதிவுசெய்யும் லாக் வரிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

சரி, இன்னும் ஏன் வைத்திருக்கிறேன்? மோட் வலையமைப்பைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் கூஜா சிமுலேட்டரில் ஓட்டிய அதே பைனரியை (தொகுத்த நிரல் கோப்பை) அப்படியே பலகையில் ஏற்றலாம். நெறிமுறைச் சோதனைக்கு இந்த ஒரு வசதியே போதும். புதிதாக வெளியில் நிறுவப் போகிறவர்கள் மட்டும் இதை வாங்க வேண்டாம். 256 கிலோபைட் ரேம் உள்ள என்ஆர்எஃப்52840 பலகைகள் பக்கம் போங்கள்.

பழைய டெலாஸ்பி கைக்கு வந்தால் முதலில் யுஎஸ்பி முனையை ஆட்டிப் பாருங்கள். பலகையோடு நேராகப் பற்றவைத்திருப்பதால் பேட்டரியின் கனத்துக்கே அது தளர்ந்துவிடும். எப்போதும் நீட்டிப்புக் கேபிள் போட்டே செருகுவது நல்லது.