செகண்ட் ஹேண்ட் சியர் வேவ் புரோப், நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

கொழிஞ்சாம்பாறைங்க எனக்கு, அல்ட்ராசோனிக் டெஸ்டிங்தான் பொழப்பு, காதுக்குக் கேக்காத ஒலி அலைய உலோகத்துக்குள்ள அனுப்பி, திரும்பி வர எக்கோவ வெச்சு கஞ்சிக்கோடு பக்கம் ஷெட்டுகள்ல வெல்டு செக் பண்றது. கோயமுத்தூர்ல ஒரு பழைய இன்ஸ்ட்ருமென்ட் கடைல இந்த 2.25 மெகாஹெர்ட்ஸ் புரோப்ப (அலைய அனுப்பி வாங்கற முனை) 11,000 ரூவாக்கு எடுத்தேன். அலைய சாய்வா அனுப்பற ஆங்கிள் புரோப் இல்லீங்க இது. அலை நேராத்தான் உள்ள போகும், ஆனா உலோகம் ஆடறது குறுக்கால, அதத்தான் சியர் அலைன்னு சொல்றது.

எதுக்குன்னா ஒரு அலுமினியம் பீம் வேலை வந்துச்சு. நம்மகிட்ட இருக்கற ஆங்கிள் புரோப் எல்லாம் ஸ்டீலுக்குன்னு செஞ்சது, மேல 70 டிகிரின்னு போட்டிருந்தாலும் அலுமினியத்துல சியர் வேகம் கொஞ்சம் கம்மிங்கறதால சுமாரா 65க்கு எறங்கிரும். அத கவனிக்காம டிஃபெக்ட்ட மார்க் பண்ணிக் குடுத்தா வெல்டு பண்றவங்க நல்ல எடத்த அரைச்சுத் தள்ளிருவாங்க, கெட்டது உள்ளயே கெடக்கும். அதனால கைல இருக்கற பீம்லயே வேகத்த அளந்துக்கணும்னு நெனச்சேன்.

மொத நாள் ஒரு எக்கோவும் வரலீங்க. புரோப் செத்துருச்சுன்னு கடைக்கு போன் போட்டு சத்தம் போட்டுட்டேன், அந்த அண்ணன் பொறுமையா "என்ன தடவுனீங்க"ன்னு கேட்டாரு. சாதா ஜெல்லுன்னேன். தண்ணி மாதிரி இருக்கறதுல குறுக்கு ஆட்டம் கடக்காதுங்க, கெட்டியான தேன் தடவிப் பாருங்கன்னாரு. வீட்ல அட்டப்பாடி தேன் இருந்துச்சு, ஒரு சொட்டு வெச்சு அமுக்கி ஒரு நிமிஷம் விட்டேன், எக்கோ வரிசையா எந்திரிச்சு நின்னுச்சு பாருங்க, அந்த சந்தோஷம் இன்னும் போகல எனக்கு.

மொதல்ல பழகறதுக்கு 50 மில்லி சதுர எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பார், லேத்துல ரெண்டு மொகமும் பேரலல்லா எடுத்தது. மொத எக்கோ வர டைம மட்டும் வெச்சு அளக்காதீங்க, புரோப்போட சொந்த டிலே அதுல சேர்ந்துக்கும், மொத எக்கோவுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இருக்கற டைம எடுங்க. எனக்கு 30.9 மைக்ரோசெகண்ட், போய்ட்டு வர தூரம் 100 மில்லி, அப்போ செகண்டுக்கு 3,236 மீட்டர். அத ஸ்கொயர் பண்ணி டென்சிட்டி 7,850ஆல பெருக்குனா சியர் மாடுலஸ் (குறுக்கால தள்ளுனா எவ்வளவு விறைப்பா நிக்குங்கற அளவு) 82 ஜிகாபாஸ்கல், டேபிள்ல இருக்கறதுக்கு நல்லா ஒத்துப் போகுது. 17 மைக்ரோசெகண்ட் பக்கம் குட்டியா ஒண்ணு தெரியும், அது கசிஞ்சு வர லாங்கிடியூடினல், அலை போற திசையிலயே ஆடற வேகமான அலை, அதோட ரெண்டாவது எக்கோ 34 கிட்ட சியர் எக்கோவ ஒட்டியே நிக்கும், அத எடுத்துட்டா கணக்கு மொத்தமும் போச்சு.

எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், புரோப்ப அதே எடத்துல வெச்சு மெதுவா திருப்புங்க. இதுல கனெக்டர் பாக்கற பக்கந்தான் ஆட்டத்தோட திசை. ரோலிங் திசைக்கு நேரா வெச்சா ஒரு டைம், குறுக்க வெச்சா துளி வித்தியாசமா இன்னொரு டைம், நடுவுல 45ல ரெண்டும் கலந்து பிந்தின எக்கோ எல்லாம் பிளந்து தெரியும். ரோலிங் மில்லுல அந்த பார் எப்படி இழுபட்டு வந்துச்சுன்னு வெட்டாமயே தெரியுது!

கொறைன்னா வெயில் நேரம்தாங்க, பாலக்காட்டு ஏப்ரல் சூட்டுல தேன் நீர்த்துப் போய் சிக்னல் படுத்துருது, காலைல ஒம்போதுக்குள்ள அளந்துருவேன் இல்லாட்டி பாட்டில ஐஸ் பெட்டில வெச்சு எடுத்துட்டுப் போவேன். வெந்நில தொடச்சு வெக்கலேன்னா எறும்பு மொச்சிரும். கூட வந்த கேபிள் லூசு, கடைல கேட்டதும் மாத்திக் குடுத்துட்டாங்க.

அந்த அலுமினியம் வேலைல 40 மில்லி துண்டுல 3,120 வந்துச்சு, அத மெஷின்ல போட்டு ஆங்கிள திருத்தி மார்க் பண்ணேன். அரைச்சுப் பாத்தப்ப ஃப்யூஷன் ஆகாத, அதாவது வெல்டு உருகி ஒட்டாத கோடு சாக்பீஸ் கோட்டுக்கு நேர் கீழயே இருந்துச்சுங்க.