மயிலாப்பூர் ‘பாரம்பரிய நடை’: ஜிபே பண்ணும் முன் படிக்கவும்

இன்ஸ்டாகிராமில் இப்போது ஒரு விளம்பரம் நன்றாகச் சுற்றுகிறது. ஞாயிறு காலை மயிலாப்பூரில் நடை, ஏழு இடங்களில் சாப்பாடு, கோயில் வரலாறு, கடைசியில் தஞ்சாவூர் ஓவியப் பட்டறை. பின்னணியில் நாதஸ்வரம், முன்னால் நுரை ததும்பும் டபரா காபி. தலைக்கு 1,800 ரூபாய். சென்னையிலேயே இருந்துகொண்டு ஊரைச் சரியாகப் பார்க்கவில்லையே என்கிற குறை வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கத்து ஃபிளாட்வாசிகளான எங்களுக்கு எப்போதும் உண்டு. அதைத் தெரிந்துதான் போடுகிறார்கள்.

பணம் ஒரு தனிநபர் பெயருக்குப் போகிறது. ரசீது கேட்டேன், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் இமோஜி வந்தது.

கபாலீஸ்வரர் கோயில் குளத்தருகே பன்னிரண்டு பேர் கூடினோம். வழிகாட்டியாக வந்த இளைஞர் எல்லாரையும் “அக்கா, ப்ரோ” என்று அழைத்து, கோபுரத்தைக் காட்டி, “ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கட்டினது” என்றார். இப்போது நாம் பார்க்கும் ராஜகோபுரம் 1906 வாக்கில் எழுந்தது. லஸ் தேவாலயத்தை இங்கிலீஷ்காரன் கட்டியதாகச் சொன்னார். அது போர்ச்சுகீசியர்களுடையது, 1516 என்று கல்லிலேயே இருக்கிறது. பூம்பாவை சன்னிதி பற்றி என் கணவர் கேட்டதற்கு, “அது டூர்ல வராது ப்ரோ.” சம்பந்தர் பாடி எலும்பிலிருந்து பெண்ணை எழுப்பியதாகச் சொல்லும் கதையை விட்டுவிட்டு மயிலையில் வேறென்ன சொல்லப்போகிறாராம்!

ஏழு இடச் சாப்பாடு மூன்றானது. அதில் ஒன்று பன்னிரண்டு பேருக்கு இரண்டு தட்டு பஜ்ஜி. “மற்ற கடைங்க இன்னிக்கு லீவு.” பக்கத்திலேயே அந்தக் கடைகளில் ஒன்றின் வாசலில் கூட்டம் நின்றிருந்தது. கடைசியாக ஒரு ஏசி ஓட்டலில் உட்கார வைத்து, டிபன் மட்டும்தான் கட்டணத்தில் அடக்கம், காபியும் இனிப்பும் தனி என்றார்கள். அந்தத் தனி பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். இதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியிருக்கிறது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரியென்றது. அதைச் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள்.

இதெல்லாம் சில்லறை. அப்புறம் வேனில் ஏற்றிக் கால் மணி நேரம் தள்ளி ஒரு ‘பட்டறை’க்குக் கொண்டுபோனதுதான் விஷயம். உள்ளே போனால் ஷோரூம். மூலையில் ஒருவர் பாதி முடிந்த பலகையின் முன் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. எங்களை அழைத்து வந்தவர் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

எனக்குக் காட்டிய படம் வெண்ணெய்க் கிருஷ்ணன். “1870 மேடம், செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்தது, 22 கேரட் தங்கரேக்கு.” தங்கரேக்கு என்றால் மெல்லிய தங்கத் தாள். 32,000-இல் ஆரம்பித்து, “டூர்ல வந்தவங்களுக்கு மட்டும்” என்று 14,500-க்கு இறங்கினார்கள். ஒரு பாட்டியம்மா அழாத குறையாகப் பேரம் பேசி ஒன்று வாங்கினார். நானும் வாங்கினேன்.

எங்கள் கீழ்வீட்டு மாமி பல வருஷமாகத் தஞ்சாவூர் ஓவியம் சொல்லிக்கொடுப்பவர். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, போன் கேமராவைக் கிருஷ்ணன் கன்னத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கினார். கன்னம் முழுக்க அச்சுப் புள்ளி. முகமே பிரின்ட், மேலே வார்னிஷ். மாலையிலிருந்த முத்துகள் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரே பிசிறு. நிஜ வேலையில் துணி ஒட்டிய பலகையில் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துக் கையால் மேடாக்குவார்கள், மக்கு வேலை என்பது அதுதான். இரண்டு முத்து ஒரே மாதிரி வராது. இது அச்சில் வார்த்தது. தங்கரேக்கு என்றது பித்தளைக் கலவைத் தாள், காற்றுப் பட்டால் கறுக்கும். பின்பக்கத்தின் பழுப்பை ஈரத்துணியால் துடைத்தார், டீ டிகாக்‌ஷன் நிறம் துணியில் வந்தது. ஆணி மட்டும் புத்தம் புதுசாக மின்னியது.

“ஃப்ரேமுக்கு வேணா ஆயிரம் ரூபா குடுக்கலாம்டி” என்றார்.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம் 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். ஆகவே “1870” என்று யாராவது சொன்னால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால், பழசு என்பது பொய்யாக இருக்கும், இல்லையென்றால் விற்பதே குற்றம். புதுப்படம்தான் வேண்டுமென்றால் அண்ணா சாலையில் அரசின் பூம்புகார் ஷோரூம் இருக்கிறது. வாங்காவிட்டாலும் அங்கே நின்று நாலு படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் கண் பழகிவிடும்.

பில்லைப் பார்த்தால் அடுத்த வேடிக்கை. ‘தஞ்சாவூர் ஓவியம்’ என்று எங்குமே இல்லை. “வால் டெகார் – 1, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.” பில் வாங்கும்போது படத்தின் வகை, தங்கரேக்கின் கேரட், பழசென்றால் வருஷம், எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். எனக்குக் கைகொடுத்தது என் கணவர் எடுத்த வீடியோ. விற்பனையாளர் “22 கேரட்” என்று சொல்வது அதில் தெளிவாகக் கேட்கிறது.

கடைக்குப் போன் செய்தால் “டூர்காரரைக் கேளுங்க மேடம்”, டூர்காரரைக் கேட்டால் “அது கடைக்காரரோட விஷயம் அக்கா”. அதன்பின் இரண்டு நம்பரிலும் என்னை பிளாக் செய்தாயிற்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அந்த நடையில் வந்த மற்றவர்கள் இதைப் படித்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போடலாம். குறிப்பாக அந்தப் பாட்டியம்மாவின் வீட்டார்.

நேற்று அதே குரல், அதே நாதஸ்வரம், வேறொரு பக்கத்தின் பெயரில் ஜார்ஜ் டவுன் நடை என்று விளம்பரம் வந்தது. கட்டணம் 2,000 ஆகியிருக்கிறது.