ஏர்பஸ் சைட்ஸ்டிக்: வேலைக்குக் காத்திருக்கும் பைலட்டுக்கு உதவுமா?

த்ரஸ்ட்மாஸ்டரின் டிசிஏ சைட்ஸ்டிக் ஏர்பஸ் எடிஷனை (ஏர்பஸ் விமானியின் பக்கவாட்டில் இருக்கும் கட்டுப்பாட்டு ஸ்டிக்கைப் போன்ற, கணினிக்கான ஜாய்ஸ்டிக்) பற்றி கேம் ஆடுபவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அதனால் கிராஃபிக்ஸ் பக்கம் நான் போகவில்லை. ஏ320 டைப் ரேட்டிங்கை (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி) முடித்துவிட்டு, கடனையும் லைசென்ஸையும் கையில் வைத்துக்கொண்டு, விமான நிறுவனத்தின் அழைப்புக்காக உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஆளுக்கு இதனால் பயன் உண்டா என்று மட்டும் சொல்கிறேன். உண்டு, ஆனால் அளவோடு.

2020-இல் வந்த பொருள் இது, ஏர்பஸ்ஸின் உரிமம் பெற்றுச் செய்தது. மேலே இருக்கும் பட்டன் துண்டுகளைக் கழற்றி மாற்றினால் இடது கைக்கும் பொருந்தும், வலது கைக்கும் பொருந்தும். நமக்கு முதலில் கிடைக்கப்போவது துணை விமானியின் வலது பக்க இருக்கைதான், ஆகவே ஸ்டிக்கை வலது கைக்கும் த்ராட்டிலை (என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) இடது கைக்கும் வைத்துப் பழகுங்கள். ஆட்டோபைலட்டைத் துண்டிக்கும் சிவப்பு பட்டன் உண்மையான விமானத்தில் கட்டைவிரல் போகும் இடத்திலேயே இருக்கிறது.

மேசையில் வைக்கும் கருவி விமானத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதற்குக் காரணம் ஏர்பஸ்ஸின் வடிவமைப்பு. நிஜ ஏ320-இல்கூட ஸ்டிக் ஸ்பிரிங்கால்தான் நடுவுக்குத் திரும்புகிறது, காற்றின் அழுத்தம் கைக்கு வராது. என்ஜின் விசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யும்போது த்ராட்டில் லீவர்கள் தானாக நகராது. டேக்-ஆஃபுக்குப் பிறகு கிளைம்ப் (மேலேறும்) நிலையில் வைத்தால் தரையிறங்கும்வரை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். தனியாக விற்கும் த்ராட்டில் குவாட்ரண்டில் (லீவர் தொகுதி) அந்த நிலைகள் எல்லாம் 'டக்' என்று விழுகின்றன, என்ஜின் மாஸ்டர் சுவிட்சும் உண்டு. போயிங்குக்கு இப்படிச் செய்வது கடினம், அங்கே த்ராட்டில் தானே நகரும்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஃப்ளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏ320நியோவை ஏற்றிக்கொள்ளுங்கள். சென்னை 07 ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) போட்டு இறங்கிப் பாருங்கள். 50 அடியில் ஃப்ளேர் மோட் (தரை தொடுமுன் மூக்கைத் தூக்கும் கட்டத்துக்கானது) வரும், 30 அடியில் கணினி மூக்கை மெல்லத் தாழ்த்தும், அதற்கு ஈடாக நாம் பின்னால் இழுக்க வேண்டும், 20 அடியில் 'ரிடார்ட்' என்ற குரல் கேட்டதும் லீவர் ஐடிலுக்கு (மிகக் குறைந்த விசை) போக வேண்டும். சில நொடி வேலைதான், ஆனால் பாடகருக்குச் சாதகம் மாதிரி, விட்டால் முதலில் போவது இதுதான். எனக்கு இந்தத் தொழில்மேல் ஆசை குறையாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று தோன்றுகிறது. சீருடை, சம்பளம், வெளிநாட்டு ஹோட்டல் என்று நினைத்து வந்தவர்கள் பலர் காத்திருந்து சோர்ந்துவிட்டார்கள். எனக்கோ இன்னும் காக்பிட் ஃப்ளோவை (சுவிட்சுகளைப் பார்த்துச் சரிசெய்யும் வரிசை) சொல்லிப் பார்த்தால் உற்சாகம் வருகிறது.

சோர்வுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2012-இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட் நின்றன. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் சந்தைக்கு வந்து நிற்பார்கள், 200 மணி நேரத்தோடு சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கிய புதியவர் வரிசையில் இன்னும் பின்னால் போவார். பயிற்சிக்கும் டைப் ரேட்டிங்குக்கும் சேர்த்து அரைக் கோடி தாண்டிவிடுகிறது, வட்டி தனி. இதற்கு நடுவே கிளாஸ் 1 மெடிக்கலையும் (விமானிக்கான உடல்தகுதிச் சான்று) இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்கையும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் "இன்னும் ஃப்ளைட் ஓட்டலையா?" என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு இதையெல்லாம் விளக்க முடியாது.

சரி, குறைக்கு வருவோம். வீட்டில் ஓட்டும் மணி நேரம் லாக்புக்கில் ஏறாது. 90 நாளில் 3 டேக்-ஆஃப், 3 லேண்டிங் என்று விமானி காட்ட வேண்டிய கணக்குக்கு உண்மையான விமானமோ அங்கீகாரம் பெற்ற முழு சிமுலேட்டரோதான் வேண்டும். அப்புறம், ஸ்டிக்கைத் திருகினால் ரடர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) அசையும் வசதி நமக்கு ஆபத்து, கால் செய்ய வேண்டியதை மணிக்கட்டு பழகிக்கொள்ளும். அதை அமைப்பில் அணைத்துவிடுங்கள். கிராஸ்விண்ட் (பக்கக் காற்று) லேண்டிங்கை ரடர் பெடல் இல்லாமல் பழகவே வேண்டாம்.

ரேடியோ பேச்சுக்கு வாட்சிம் என்ற இணைய சிமுலேட்டர் வலையமைப்பு இருக்கிறது, இலவசம், எதிர்முனையில் தன்னார்வலர்கள் ஏடிசியாக (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்) உட்கார்ந்திருப்பார்கள். இந்திய நிலையங்களில் எப்போதும் ஆள் இருக்காது, ஐரோப்பா பக்கம் போனால் பேச ஆள் கிடைக்கும், வேகமாகவும் பேசுவார்கள்.

ஸ்டிக் மட்டும் என்றால் முழு சிமுலேட்டரின் ஒரு மணி நேர வாடகையைவிடக் குறைவாகவே முடியும். இண்டர்வியூவோடு சிமுலேட்டர் தேர்வும் இருக்கும் என்று தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். இன்னும் சிபிஎல் முடிக்காதவர்கள் இப்போது வாங்காதீர்கள், பயிற்சி விமானமான செஸ்னாவின் யோக்குக்கும் (ஸ்டியரிங் போன்ற கைப்பிடி) இதற்கும் சம்பந்தமே இல்லை, அந்தப் பணத்தை நேவிகேஷன் தேர்வுப் புத்தகத்துக்குச் செலவிடுங்கள்.