வெட்ஜ் செட்டும் மூன்று நாள் முகாமும்: குன்னூர்ப் பக்கம் 30,000 ரூபாய் போன விதம்

மே மாத சீசனுக்குக் கொடைக்கானலில் கோல்ஃப் ‘ஷார்ட் கேம் முகாம்’ (குழிக்குக் கிட்டத்திலிருந்து ஆடும் சின்ன அடிகளுக்கான பயிற்சி) நடக்கப்போவதாக வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு சுற்றுகிறது. போன வாரம் எனக்கும் வந்தது. போன அக்டோபரில் குன்னூர்ப் பக்கம் எங்கள் ஆறு பேருக்குப் பாடம் எடுத்து, மட்டையும் விற்றுவிட்டுப் போன அதே ஆள்தான் நடத்துகிறார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. நடந்ததை மட்டும் முழுசாக எழுதிவிடுகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் யாராவது இரண்டு பேர் படித்தாலே எனக்குத் திருப்தி.

நான் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐம்பது வயதுக்கு மேல்தான் கோல்ஃப் பழகினேன். தூர அடி ஓரளவு வரும். கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் குட்டைப் புல்தரைக்கு, 50 யார்டுக்குள் வந்துவிட்டால்தான் தடுமாற்றம். பந்து காலடியிலேயே நிற்கும், இல்லாவிட்டால் கிரீனைத் தாண்டி எதிர்ப்பக்கப் புதருக்குள் போய்விடும். ஆடுகிறவர்களுக்குத் தெரியும், ஸ்கோர் கெடுவது இந்த இடத்தில்தான். அதனால் விளம்பரத்தைப் பார்த்ததும் முகாமுக்கு 9,000 ரூபாய் கட்டிவிட்டேன். ஜிபேயில், ஒரு தனிநபர் எண்ணுக்கு. ரசீது கேட்கத் தோன்றவில்லை.

முதல் நாள் காலை எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார். எல்லோரிடமும் ஒரே வார்த்தை: “இந்த மட்டைகளை வச்சுக்கிட்டு ஷார்ட் கேம் வராது சார்.” மதியம் அவர் கார் டிக்கியிலிருந்து வெட்ஜ் செட்டுகள் (பந்தை உயரத் தூக்கிக் கிட்டத்தில் போடும் மட்டைகள்) இறங்கின. முகச் சாய்வு 52, 56, 60 டிகிரி. ஒரு பெரிய வெளிநாட்டு பிராண்டின் பெயர் பொறித்திருந்தது. கடையில் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய்க்கு மேல் ஆகும், மாணவர்களுக்கு மூன்றும் சேர்த்து 21,000 ரூபாய் என்றார். ஆறு பேரில் நான்கு பேர் வாங்கினோம்.

ஒரு ஆட்டத்துக்குப் பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. என்னிடம் 13 இருந்தன. மூன்று சேர்ந்தால் இரண்டை எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று கேட்டேன். யோசிக்காமல் பழைய சாண்ட் வெட்ஜையும் (மணலிலிருந்து பந்தை எடுக்கும் வெட்ஜ்) எட்டாம் நம்பர் அயனையும் (சாய்வு குறைந்த இரும்பு மட்டை) எடுக்கச் சொன்னார். இந்த ஒரு பதிலிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கிரீன் ஓரத்திலிருந்து பந்தை உருட்டிவிட எட்டாம் நம்பரைப் போல உதவும் மட்டை வேறில்லை.

அப்புறம் பாடம். எல்லா அடிக்கும் 60 டிகிரி, எல்லோருக்கும் ஒரே சுவிங் (மட்டை வீச்சு). பந்து பின்காலுக்கு நேரே, கைகள் நன்றாக முன்னே, மேலிருந்து கீழே வெட்டி அடி என்றார். அக்டோபர் என்றால் குன்னூரில் வடகிழக்குப் பருவமழை. தரை முழுக்க ஊறிக் கிடந்தது. நான் அடித்த பத்தில் ஏழு முறை மட்டை பந்துக்கு முன்னாலேயே மண்ணில் இறங்கி நின்றது. மணிக்கட்டு வலித்தது. “பயப்படறீங்க சார், இன்னும் வேகமா வெட்டுங்க” என்றார். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று சொன்ன வகுப்பில் ஆளுக்கு இருபது நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. வீடியோ எடுத்து அலசி அனுப்புவதாகச் சொன்னதும் வரவே இல்லை. அதெல்லாம் சிறிய விஷயம்.

பெரிய விஷயம் பவுன்ஸ். வெட்ஜ் வாங்குகிற பலர் லாஃப்ட் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான். லாஃப்ட் என்பது மட்டை முகத்தின் சாய்வு, பந்து எவ்வளவு உயரும் என்பது அதைப் பொறுத்தது. பவுன்ஸ் என்பது மட்டையின் அடிப்பாகம் முன்விளிம்பைவிட எவ்வளவு தாழ்ந்து புடைத்திருக்கிறது என்பதன் அளவு. ஜீன் சாரசன் என்ற ஆட்டக்காரர் தன் மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துத் தடிமனாக்கி, 1932-இல் பிரிட்டிஷ் ஓபனை அதோடு வென்றார். அடிப்பாகம் தடித்தால் மட்டை மணலுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும் என்பதுதான் அவர் கண்டது. ஈரத் தரைக்கும் அதே கணக்கு. மேலிருந்து செங்குத்தாக இறக்குகிறவருக்கும் ஊறின தரைக்கும் பவுன்ஸ் 10, 12 டிகிரி என்று கூடுதலாக வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் தரை காய்ந்து இறுகியிருக்கும்போது, பந்தை மெல்ல வாரி எடுப்பவருக்குத்தான் 4, 6 போன்ற குறைந்த பவுன்ஸ். அவர் எங்களுக்கு விற்ற 60 டிகிரியில் பொறித்திருந்தது 4. அதை மழைக்காலத்தில், கைகளை முன்னே தள்ளி, கீழே வெட்டச் சொன்னார். கைகளை முன்னே தள்ளினாலே இருக்கிற பவுன்ஸும் குறைந்துவிடும். மண்வெட்டியைக் கொடுத்து மண்ணை வெட்டாதே என்பதுபோல் ஆகிவிட்டது.

நவம்பர், டிசம்பர் முழுக்க என் கைதான் சரியில்லை என்று நம்பினேன். அவர் கொடுத்த தூர அட்டையில் 52 என்றால் 100 யார்டு, 56 என்றால் 80, 60 என்றால் 65 என்று அச்சடித்திருந்தது. ஆறு பேருக்கும் ஒரே அட்டை. குன்னூர் 6,000 அடி, ஊட்டியும் கொடைக்கானலும் 7,000 அடி. மேலே போகப் போகக் காற்று லேசாகும், கோயம்புத்தூரில் அடிக்கிற அதே அடி இங்கே கூடுதல் தூரம் போகும். வயது, உடம்பு, வேகம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அட்டை எப்படி ஒன்றாக இருக்கும்? என்னுடைய 52-உம் 56-உம் ஒரே இடத்தில் விழுந்தன. அதைச் சொன்னதற்கு இன்னொரு முகாமுக்கு வரச் சொன்னார், 6,000 ரூபாய்.

ஜனவரியில் ஒரு நாள். கிரீனுக்கு நான்கு யார்டு வெளியே பந்து, குழி இன்னும் இருபத்தைந்து யார்டு தள்ளி. நான் 60 டிகிரியை எடுத்தேன். பை தூக்கிய கேடி அண்ணன் அந்த மைதானத்திலேயே முடி நரைத்தவர்.

“எட்டாம் நம்பர் எங்க சார்?” என்றார்.

“வீட்ல இருக்குண்ணே.”

“நடுவுல மணல் பங்கர் இல்ல, மேடு இல்ல. எதுக்கு சார் வானத்துக்குத் தூக்கறீங்க? கிரீன்ல ரெண்டு எட்டு உள்ளே போட்டு உருட்டி விடுங்க.”

மறுநாள் எட்டாம் நம்பரோடு போனேன். கால்களை நெருக்கி வைத்து, எடையை இடது காலில் போட்டு, மணிக்கட்டை மடக்காமல், கிரீனில் பந்தை உருட்டும் புட்டரை ஆட்டுவதுபோல் ஒரு சின்ன ஆட்டு. பந்து குழியிலிருந்து நான்கடியில் நின்றது. இரண்டு மாதத்தில் அவ்வளவு பக்கம் போனதே இல்லை.

பிப்ரவரியில் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போனபோது, மட்டை பொருத்தித் தரும் ஒரு கடையில் மூன்று வெட்ஜையும் லாஃப்ட் அளக்கும் கருவியில் வைக்கச் சொன்னேன். 52 என்று பொறித்தது 53. 56 என்று பொறித்ததும் 53. 60 என்று பொறித்தது 57. தராசில் வைத்தால் 60 மற்ற இரண்டையும்விட இலேசு. ஒரே செட்டில் லாஃப்ட் கூடக் கூடத் தலையின் எடை குறையக் கூடாது. முகத்தின் கோடுகள் ஓரத்தில் ஆழமில்லாமல் முடிந்திருந்தன, எழுத்தில் பெயின்ட் வழிந்திருந்தது, தலையும் ஷாஃப்டும் (தண்டு) சேரும் இடத்தில் இருக்கும் கறுப்பு வளையத்தில் இடைவெளி விட்டுப் பசை தெரிந்தது. போலி. பாக்கெட்டில் வைத்திருந்த தூர அட்டையை அங்கேயே கிழித்தேன்.

ஃபேக்டரியில் ட்ரையர் வெப்பமானியை நான் ஒருபோதும் தனியாக நம்பியதில்லை, இன்னொன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். மட்டைக்கும் அதையே செய்திருக்கலாம், அதற்குக் கருவிகூட வேண்டாம். ஒரே அளவு சுவிங்கில் ஒவ்வொரு வெட்ஜாலும் பத்துப் பந்து அடித்து, விழுந்த இடம்வரை எட்டு வைத்து எண்ணுங்கள். 4 டிகிரி வித்தியாசம் என்று சொல்லும் இரண்டு மட்டைகள் ஒரே இடத்தில் போட்டால், உங்கள் கையைக் குறை சொல்வதற்கு முன் மட்டையை அளக்கக் கொடுங்கள்.

இப்போது நான் ஆடும் முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் முகாமில் சேர்வதே இதைக் கற்றுக்கொள்ளத்தானே. முதலில் பந்துக்கும் குழிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். தடை இல்லையென்றால் உருட்டல்தான். சமமான, நடுத்தர வேகக் கிரீனில் பிட்சிங் வெட்ஜில் (சாய்வு குறைந்த வெட்ஜ்) ஒரு பங்கு பறந்தால் ஏறக்குறைய இரண்டு பங்கு உருளும், எட்டாம் நம்பரில் நான்கு பங்கு. பந்து கிரீனுக்கு உள்ளே விழ வேண்டும். நம் மலையில் பரவிக் கிடக்கும் கிக்குயு புல்லில் விழுந்தால் அது பந்தைப் பிடித்துக்கொள்ளும், உருளாது. நடுவில் பங்கர் இருந்தால் மட்டும் பழைய சாண்ட் வெட்ஜ். அதையும் பெங்களூரில் அளந்தேன், 55 டிகிரி, நல்ல தடித்த அடிப்பாகம். தூரத்தைக் கையின் வேகத்தால் கூட்டிக் குறைப்பதில்லை. பின்னால் எடுக்கும் அளவால்தான்: இடுப்புவரை எடுத்தால் ஒரு தூரம், மார்புவரை எடுத்தால் ஒரு தூரம். பின்னால் எடுத்த அளவுக்காவது முன்னாலும் போக வேண்டும். நிறைய எடுத்துவிட்டுப் பாதியில் பயந்து நிறுத்துவதால்தான் மட்டை மண்ணில் இறங்குகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஆடித் தேய்ச்ச மட்டையை எப்படி சார் எடுக்கறது?” என்று ஒரு பதில், அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் இல்லாதது பெரிய இடைஞ்சல். பெங்களூர்க் கடைக்காரர் அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஒரு துணை.

கொடைக்கானல் முகாமுக்குப் போவதாக இருப்பவர்கள் ஒன்று கேளுங்கள். இந்திய கோல்ஃப் யூனியனின் நேஷனல் கோல்ஃப் அகாடமி பயிற்சியாளர்களுக்குச் சான்று கொடுக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா, எந்த நிலை, எந்த வருடம் என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவே இல்லை. பாடம் எடுக்கிறவரிடமே அதே நாளில் மட்டை வாங்காதீர்கள். அவர் உங்கள் பையிலிருந்து எதை எடுத்து வெளியே வைக்கச் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

எங்கள் நான்கு பேரில் ஒருவர் இருபத்திரண்டு வயதுப் பையன், அப்பா கேடி. கடன் வாங்கி அந்த 21,000 ரூபாயைக் கொடுத்தான். எனக்கு நஷ்டம் தாங்கும், அவனுக்குத் தாங்காது. இன்னமும் மாதம் 2,000 ரூபாய் கட்டுகிறான். காலையில் இருவரும் பயிற்சிக்குப் போகும்போது என் பழைய சாண்ட் வெட்ஜை மாற்றி மாற்றி வைத்து அடிக்கிறோம். மனுவில் முதல் பெயர் அவனுடையது. இதே ஆளிடம் வேறு ஊரில் மட்டை வாங்கியவர்கள், ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அழிக்காமல் வைத்திருந்து எனக்குச் சொல்லுங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.