மறுபடியும் திறந்த பர்கர் கடை: பில்லைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

திருச்சியில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பர்கர் கடை இருந்தது. ஏழெட்டு மாதம் மூடிக் கிடந்தது, போன மாதம் திறந்துவிட்டார்கள். அதே பெயர், அதே சிவப்பு போர்டு, வாசலில் "உங்கள் அபிமானக் கடை மீண்டும் உங்களுக்காக" என்று பெரிய ஃபிளெக்ஸ். பையனுக்குப் பரீட்சை முடிந்தால் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவோம், பழைய கடைக்கார அண்ணன் கண்ணெதிரே கல்லில் வெண்ணெய் போட்டுப் பன்னை வாட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் கேட்காமலே காரம் குறைத்துக் கொடுப்பார். அந்த நம்பிக்கையில்தான் போன ஞாயிறு மூன்று பேரும் போனோம்.

ஒரு சிக்கன் பர்கர் விலை 240 ரூபாய் ஆகியிருந்தது. அதைக் குறை சொல்லவில்லை, எல்லா இடத்திலும் ஏறித்தான் இருக்கிறது. மூன்று சிக்கன் பர்கர், ஒரு ஃப்ரைஸ் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வந்ததும் பசியில் பையன் ஒரு கடி கடித்துவிட்டு "அப்பா, உள்ளே ஜில்லுனு இருக்கு" என்றான். பிய்த்துப் பார்த்தால் மேலே மட்டும் மொறுமொறுப்பு, நடுவில் கொழகொழவென்று பச்சையாக இருக்கிறது. அரைத்த கறியில் இது ரொம்ப ஆபத்து. முழுத் துண்டு என்றால் கிருமி பெரும்பாலும் மேல்பக்கத்தில் இருக்கும், அரைத்துவிட்டால் உள்ளே வரை கலந்துவிடும், அதனால் கோழிக்கறி நடுப்பகுதி வரை 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் சாப்பிடலாம். ஃப்ரீஸரிலிருந்து எடுத்ததை அப்படியே எண்ணெயில் போட்டு அவசரமாக எடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பரிமாறிய தம்பியிடம் சொன்னதும் "மாத்தித் தர்றேன் சார்" என்று எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது அதே பர்கர். மைக்ரோவேவில் சுட வைத்திருக்கிறார்கள், என் பையன் கடித்த பல் தடம் அப்படியே இருக்கிறது! எனக்கு உண்மையிலேயே கை நடுங்கிவிட்டது. மேசையில் திறந்தபடி இருந்த மயோனைஸைக் காட்டி "இது முட்டை போட்டதா தம்பி?" என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டதே சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகளுக்குப் பயந்துதான். பரிமாறுகிறவருக்கே பதில் தெரியாத இடத்தில் பிள்ளைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் பில். சாப்பாடு 860, சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 86, இரண்டையும் கூட்டி அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 47.30, மொத்தம் 993.30. சர்வீஸ் சார்ஜை எடுங்கள் என்றேன். கல்லாவில் இருந்தவர் "அது கம்ப்யூட்டர்லயே வருது சார், எடுக்க முடியாது" என்றார். எடுக்கலாம், எடுத்தே ஆக வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது: சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைச் சேர்த்து ஜிஎஸ்டியும் போடக் கூடாது. ஹோட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நாமாகப் பிரியப்பட்டுக் கொடுத்தால் அது வேறு.

இன்னொன்றை வீட்டுக்கு வந்து பில்லை மறுபடி படித்தபோதுதான் கவனித்தேன். ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறார்கள், ஆனால் பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. 15 எழுத்து இருக்கும், தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். பதிவு செய்யாத கடை ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லில் இல்லை, 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். க்யூஆர் ஸ்கேன் செய்தபோது கடைப் பெயர் வராமல் யாரோ ஒருவர் பெயர் வந்தது, அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பையன் பசியோடு நிற்கிறான், மனைவி "விடுங்க, போகலாம்" என்கிறார், முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் டீக்கடையில் பழைய கடைக்கார அண்ணனைப் பற்றி விசாரித்தால் "அவர் பேரோட சேர்த்து வித்துட்டுப் போயிட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்கள். போர்டைப் பார்த்து நம்பியது என் தவறு என்று யாராவது சொல்லலாம், ஆனால் "உங்கள் அபிமானக் கடை" என்று எழுதி வைத்து அந்த அண்ணன் சம்பாதித்த பெயரில்தான் இவர்கள் ஆள் பிடிக்கிறார்கள். கூகுள் மேப்பில் இருக்கும் நல்ல விமர்சனங்களும் படங்களும்கூட அவர் காலத்தவை. இப்படி மூடித் திறந்த எந்தக் கடைக்குப் போனாலும் விமர்சனத்தின் தேதியைப் பாருங்கள், திறந்த பிறகு எழுதியதை மட்டும் படியுங்கள்.

பையனுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், பில், பணம் கட்டிய ஸ்க்ரீன்ஷாட், பச்சையாக இருந்த சிக்கனின் படம் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் நாளை நேரில் போகிறேன். அது முடியும்வரை கடைப் பெயரை எழுதவில்லை. இந்த ஒரு மாதத்தில் அங்கே சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தெரியப்படுத்துங்கள், சேர்த்துக் கொடுக்கலாம்.