ஓட்டு ஊரிலா, வேலை பார்க்கும் இடத்திலா?

தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் பக்கத்து ஆட்கள் பலர் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். உள்ளாட்சித் தேர்தலன்று வாக்காளர் பட்டியலில் பெயர் ஊரில், ஆள் வெளியூரில். பெயரை வேலை பார்க்கும் இடத்துக்கு மாற்றலாமா என்று கேட்பவர்களுக்காக இது.

செலவு: பெயர் ஊரில் இருந்தால் இரண்டு நாள் கூலியும் பயணக் காசும் போகும், இவர்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது. மாற்ற படிவம் 8 போதும், கட்டணமில்லை.

அலைச்சல்: ஊர் என்றால் ஒவ்வொரு தேர்தலுக்கும். மாற்றினால் ஒரே தடவை, வாடகை வீடு மாறாத வரை.

பலன்: நகரத்தில் வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு. கிராமத்தில் வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என நான்கு. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, சக்கரம் மணலில் புதையப் புதைய அம்மா நல்ல தண்ணிக்குப் போகிறாரே, அந்தக் குழாயைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டியது ஊராட்சிதான். சின்ன ஊராட்சியில் பத்து ஓட்டே தலைவரை மாற்றிவிடும். எனக்கு இதுதான் பெரிசு.

குடும்பத்தோடு குடியேறிவிட்டீர்களா? மாற்றிவிடுங்கள், உங்கள் சாக்கடைப் பிரச்சினை இனி அங்கேதான். வீடும் மனைவி மக்களும் ஊரில் இருக்க, வேலைக்கு மட்டும் போய்வருகிறவர்கள் மாற்ற வேண்டாம். தேதி அறிவித்த அன்றே ரயிலில் இடம் போடுங்கள். இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்காது.