அட்லஸ் அந்துப்பூச்சியா, கரடியா?

பள்ளி இயற்கைத் திட்டப்பணிக்கு எதை எடுப்பது என்று அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும்போது, பேச்சு பெரும்பாலும் இவ்விரண்டில் வந்து நிற்கிறது.

வகைப்பாடு
பூச்சி: செதிலிறகிகள் (வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அடங்கிய) வரிசை, சாட்டர்னிடே குடும்பம், டசர் பட்டுப்பூச்சிக்கு உறவு.
கரடி (இங்குள்ள தேன்கரடி, sloth bear): பாலூட்டி, ஊனுண்ணி வரிசை. ஆயினும் அதன் முதன்மை உணவு கறையான், எறும்பு, பழம், தேன். மேல்தாடையில் நடுவிலுள்ள இரு வெட்டுப்பற்கள் இல்லாததால், அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சி எடுக்கிறது. அந்த ஓசை வெகுதூரம் கேட்கும்.

வாழிடம்
1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் பூச்சிக்கு மரமடர்ந்த ஈரக்காடும், கரடிக்குப் பாறைப் பொடவுகளுள்ள உலர்காடும் ஏற்றவை. கடையம், பாபநாசம் அடிவார ஊர்களுக்குள் கரடி இறங்குவதும் உண்டு.

பாதுகாப்பு
கரடி 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் மிகுந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளது; உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனம். பூச்சிக்குத் தேவை, அதன் புழுவுக்கு இலையுணவு தரும் மரங்களும் இருண்ட இரவும். வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பிலேயே ஓரிரு வாரம் வாழ்ந்து முடிகிறது. அத்தனை குறுகிய வாழ்வை விளக்கைச் சுற்றியே அது தீர்த்துவிடுவதைப் பார்ப்பது வேதனை. முற்றத்து விளக்கை அணையுங்கள்.

ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டியவர்கள் பூச்சியை எடுக்கலாம். ஊர்மக்களின் சிக்கலையும் சேர்த்து எழுத விரும்புவோருக்குக் கரடியே பொருத்தம். ஆனால் கொன்றை விதை கலந்த அதன் எச்சத்தைத் தேடுவதுகூட வனத்துறையினர் துணையோடு மட்டுமே நடக்க வேண்டும்.